தேய்ந்த காசா, தேய்த்த காசா?



நம்மூரில் யாராவது பழைய காசு ஒன்றை விலைக்குக் கொண்டுவந்தால், நாம் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். புளி போட்டுத் தேய்த்தோ பிராசோ பூசியோ மினுக்கிய காசென்றால் விலை கூடச் சொல்வார்கள். கறுத்ததைப் 'பழுது' என்று ஒதுக்குவோம். வரலாற்றின் கணக்கு இதற்கு நேர்மாறு.

கண்டக்குழி இருக்கும் இந்தக் கற்பிட்டிக் குடாநாடு பல காசுகளைக் கண்ட கரை. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, இங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த அரசர்களின் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் மன்னர், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது'. பின்னர் கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தனர். அவர்கள் கம்பனியின் 'விஓசி' எழுத்துப் பின்னலும் ஆண்டும் பொறித்த செப்புச் சல்லியையும் இங்கே புழங்கவிட்டனர்.

'சேது' என்ற இரண்டே எழுத்து. அதைச் செங்கல் தூளால் தேய்த்தால் என்ன மிஞ்சும்? வெறும் செப்புத் துண்டு. புளியின் அமிலம் மேற்படலத்தைக் கரைக்கும். தூள் எழுத்தின் விளிம்பை அராவும். செம்பின் மேல் படியும் கரும்பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலம் அழுக்கல்ல, அதுவே காசின் தோல். உரித்தால் திரும்ப வராது. ஆனால் வெளிர்பச்சையாக, மாவாக உதிர்வது நோய். கடலுப்பில் கிடந்த காசுக்கு அது வரும், ஈரக்காற்றில் பரவும்.

எல்லாப் பழுதும் ஒன்றல்ல. கைமாறிக் கைமாறித் தேய்ந்தது, காசு தன் வேலையைச் செய்த அடையாளம். துளையிட்டது, யாரோ ஒரு பிள்ளையின் கழுத்தில் தொங்கியிருக்கலாம். கடல் தின்றதற்கும் கதை உண்டு. 1961இல் நம் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் குழுவினர் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார்கள். உள்ளே ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள், ஆயிரக்கணக்கில், மூட்டை வடிவிலேயே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அவற்றில் ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு படிக்க முடிந்தது. அந்த எண்ணால்தான் கப்பலின் காலம் தெரியவந்தது. மினுக்கும் ஆசையில் அந்த எண்ணை அழித்திருந்தால், மிஞ்சியது வெள்ளியின் எடை மட்டுமே.

இன்னொன்று, சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணிலிருந்து எடுத்தது அரசுக்குரியது. கண்டவர் அறிவிக்க வேண்டும். தோட்டம் கிண்டும்போது வந்த ஒல்லாந்தர் சல்லி விலைக்கு வந்தால், அது வாங்கும் பொருளல்ல. நாம் கொடுக்கும் காசு அடுத்த குழியைத் தோண்டச் சொல்லும். எந்த ஆழத்தில், எதனுடன் கிடந்தது என்ற செய்தியும் அதோடு போய்விடும்.

ஆகவே, விக்டோரியா மகாராணி தலை போட்ட சதம் போன்ற பிற்காலக் காசு முன்னே வந்தால், மூன்று கேள்வி கேட்போம். எங்கிருந்து வந்தது? இன்னும் எதைப் படிக்க முடிகிறது? பழுது காலம் செய்ததா, கை செய்ததா? காலம் செய்த பழுதென்றால், எழுத்தும் தெரிந்தால், அளவான விலைக்கு வாங்கலாம். கை தேய்த்ததென்றால், அபூர்வமான வகையாக இருந்தாலொழிய விட்டுவிடுவோம். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அதற்குக் குறைந்த விலைதான் கொடுப்பார்.

வீட்டு அலுமாரியில் உம்மும்மாவின் காசு கறுத்துக் கிடந்தால், தயவுசெய்து தேய்க்க வேண்டாம். உலர்ந்த காகிதத்தில் மடித்து, யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.