எறிகணை நெருக்கடி (1915)

எறிகணை நெருக்கடி என்பது முதல் உலகப் போரில் பிரித்தானியப் பீரங்கிப் படைக்கு நேர்ந்த குண்டுப் பற்றாக்குறையையும், அதனால் இலண்டனில் எழுந்த அரசியல் குழப்பத்தையும் குறிக்கும்.

1915 மே 9 அன்று பிரான்சின் ஓபேர் மேட்டைத் தாக்குமுன் 40 நிமிடங்களே குண்டு பொழிய முடிந்தது. கையிருப்பில் பெரும்பகுதி சிதறுகுண்டுகள். அவை திறந்தவெளியில் நிற்போரை வீழ்த்தும், பதுங்குகுழிகளைத் தகர்க்கா. ஒரே நாளில் 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர்.

மே 14-இல் டைம்சு நாளிதழ் இக்குறையை அம்பலப்படுத்தியது. செய்தியாளர் ரெப்பிங்டனுக்கு விவரம் தந்தவர் தளபதி சர் ஜான் பிரெஞ்சு. போர் அமைச்சர் கிச்சனரை டெய்லி மெயில் சாடியபோதோ, பங்குச்சந்தையில் அவ்விதழையே கொளுத்தினர்! அசைந்தது பிரதமர் அசுகுவித்தின் லிபரல் அரசுதான். கடற்படைத் தலைவர் பிசரும் டார்டனெல்சுப் பிணக்கில் விலகவே, அவர் கூட்டணி அரசு அமைத்தார். அதில் போர்த்தளவாட அமைச்சரான லாயிட் ஜார்ஜ், 1916 டிசம்பரில் அசுகுவித்தின் நாற்காலியிலேயே அமர்ந்தார்.