தலைக்குள் கேட்கும் சத்தம்: ஒரு நோயின் வரலாறு



"ராவைக்குத் தலையணையில் சாய்ந்தால் காதுக்குள்ள உஷ், உஷ் என்று கேட்குது மகன், நெஞ்சு அடிக்கிற மாதிரியே." வீட்டில் உம்மா இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? வயசு போனால் அப்படித்தான் என்போம். தலையிடி என்றால் இரண்டு பனடோல் கொடுப்போம். ஆனால் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்கள்தான் ஒரு நோயையே கண்டுபிடித்தார்கள்.

இதயத்திலிருந்து குருதி நாடி வழியாக வேகமாக வருகிறது. நுண்ணிய மயிர்க்குழாய்களில் வேகம் தணிந்து, நாளம் வழியாகத் திரும்புகிறது. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னுந் நபீஸ், குருதி நுரையீரலைக் கடந்தே இதயத்தின் இடப்பக்கம் செல்கிறது என எழுதினார். 1661இல் இத்தாலியின் மல்பீகி, தவளையின் நுரையீரலில் மயிர்க்குழாய்களை நுணுக்குக்காட்டியில் கண்டார்.

சிலருக்கு இந்த மயிர்க்குழாய்கள் இல்லாமலே நாடியும் நாளமும் நேரடியாக இணைந்துவிடுகின்றன. பிறப்பிலேயே இருக்கலாம், தலையில் அடிபட்ட பின்னும் வரலாம். மெல்லிய நாளம் நாடியின் அழுத்தத்தைத் தாங்காது. அது வெடித்தால் மூளையில் குருதி கசியும்.

1757இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், குருதி எடுக்கக் குத்திய கத்தி நாளத்தைத் தாண்டி நாடியிலும் பட்டால் இப்படியொரு இணைப்பு உண்டாவதை விளக்கினார். தொட்டால் அதிர்வு, காது வைத்தால் சீறல். 1809இல் அதே நகரில் பெஞ்சமின் டிராவர்ஸிடம் ஒரு பெண் வந்தார். கண் பிதுங்கித் துடித்தது, தலைக்குள் இரைச்சல். கழுத்து நாடியை அழுத்தியதும் துடிப்பு அடங்கியது. அந்த நாடியைக் கட்டினார், பெண் குணமடைந்தார். அப்போது எக்ஸ்ரே கூட இல்லை.

கண்ணால் பார்க்கும் வழி 1927இல் வந்தது. லிஸ்பனில் ஏகஸ் மோனிஸ் கழுத்து நாடியில் மருந்து செலுத்தி, மூளையின் குருதிக்குழாய்களை எக்ஸ்ரேயில் படமெடுத்தார். அதுதான் அன்ஜியோகிராம். நம் பக்கத்தில் 1950இல் சென்னையில் டொக்டர் பி. ராமமூர்த்தியும், 1956இல் கொழும்பு பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஷெல்டன் கப்ராலும் மூளைச் சத்திரசிகிச்சையைத் தொடங்கி வைத்தார்கள். 1960இல் அமெரிக்காவில் லூசன்ஹொப், கழுத்து நாடி வழியாகச் சிறு உருண்டைகளை அனுப்பிப் பிழையான இணைப்பை அடைத்துக் காட்டினார். இன்று தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாய் செலுத்தி, பசையாலோ கம்பிச் சுருளாலோ அடைக்கிறார்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்குக் கதிர்வீச்சு.

காது இரைச்சல் எல்லாமே இந்த நோய் அல்ல; பெரும்பாலும் சாதாரண காரணம்தான். ஆனால் சத்தம் நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டால் டொக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். திடீரென்று தாங்க முடியாத தலையிடி, வலிப்பு, கை கால் சோர்வு வந்தால் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள்.

1708இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி நம் ஹெந்தளையில்தான் இருக்கிறது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் நோயாளியை ஒதுக்கி வைத்தார்கள். இன்று அதற்கும் மருந்துண்டு, இதற்கும் வைத்தியமுண்டு. துஆவும் செய்வோம், ஆஸ்பத்திரிக்கும் போவோம். இன்றிரவு உம்மாவிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.