தேய்ந்த செருப்பும் 1935-ஆம் ஆண்டும்



பெரியக்கா விழுந்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. போன் செய்து விசாரித்த அனைவருக்கும் நன்றி. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறார்.

துவைக்கிற கல் பக்கம் ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் தரையைத்தான் குறை சொன்னோம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அக்காவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு கோடுகூட இல்லை, வழவழவென்று இருந்தது. வார் அறுந்தபோது இரண்டு முறை புது வார் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். "இன்னும் ஒரு வருஷம் தாராளமா வரும் அக்கா" என்று சொன்னவனும் நான்தான்.

அந்த உறுத்தலில், செருப்பின் அடிப்பாகத்துக்கும் ஒரு வரலாறு உண்டா என்று தேடிப் படித்தேன். உண்டு. அதிலும் 1935-ஆம் ஆண்டு முக்கியமானது.

அந்த ஆண்டு இத்தாலியில் விட்டாலே பிராமானி என்ற மலையேறி ஒரு குழுவோடு ஆல்ப்ஸ் மலையின் புந்தா ரசிக்கா சிகரத்துக்குப் போனார். அக்காலத்தில் மலையடிவாரம் வரை ஆணி அடித்த கனமான பூட்ஸ் போடுவார்கள். பாறையில் ஏறும்போது அதைக் கழற்றிவிட்டு மெல்லிய காலணிக்கு மாறுவார்கள். காய்ந்த பாறைக்கு அது சரி. பனிப்புயல் வந்ததும் ஈரத்தையும் குளிரையும் அது தாங்கவில்லை. அவரோடு போனவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள்.

பாறை, பனி இரண்டிலும் பிடிக்கிற ஒரே காலணி வேண்டும் என்று பிராமானி அதன்பின் உழைத்தார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியுடன் 1937-இல், ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். அவர் பெயரின் முன்பாதிகளைச் சேர்த்ததுதான் 'விப்ரம்'. 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலில் இருந்தது அந்த அடிப்பாகம்தான்.

அதே 1935-இல் அமெரிக்காவில் இன்னொருவர், பால் ஸ்பெர்ரி. பாய்மரப் படகின் ஈரத் தளத்தில் வழுக்கிக் கடலில் விழுந்து பிழைத்தவர். பின்னர் குளிர்காலத்தில் ஒருநாள், தன் நாய் பனிக்கட்டியின் மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்தார். அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள். பேனாக்கத்தியால் ரப்பரில் அதேபோல் நெளிநெளியாகக் கீறிப் பார்த்தார். பிடித்தது! பிறகு அமெரிக்கக் கடற்படையும் தன் மாலுமிகளுக்கு அந்தக் காலணியை வாங்கியது.

எட்டாம் வகுப்பில் நடத்திய உராய்வுப் பாடம் நினைவிருக்கிறதா? ஈரத் தரையில் காலை வைக்கும்போது, செருப்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் அகப்பட்டுக்கொள்ளும். வழவழப்பான செருப்பு அதன் மேல் மிதக்கும். கோடுகள் இருந்தால் அவற்றின் வழியே நீர் வெளியேறி, ரப்பர் தரையைத் தொடும். டயருக்குக் கோடு போடுவதும் இதற்காகத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். மலைக்கு ஏற்ற பெரிய பற்கள் டைல்ஸ் தரைக்குச் சரிவராது. பல்லின் நுனி மட்டுமே தரையைத் தொடும். வீட்டுக்கு மிருதுவான ரப்பரும் நெருக்கமான சிறு கோடுகளும் வேண்டும். சோப்பு நீருக்கும் எண்ணெய்க்கும் எந்தச் செருப்பையும் நம்பக் கூடாது. உடனே துடைத்துவிட வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வயதானவர்களே அதிகம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா செருப்புகளைத் திருப்பிப் பாருங்கள். கோடு மழுங்கியிருந்தால், வார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சிக்கனம் என்று அவர்கள் தடுப்பார்கள். நானும் அதைச் சிக்கனம் என்றுதான் நினைத்தேன்.

அக்காவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். அவர் வாக்கரை விடும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்