இருண்ட திரை: ஒரு பூட்டின் வரலாறு

கண்டி வீதி வழியாக வவுனியாவிலிருந்து வடக்கே செல்வோர், மாங்குளத்தைக் கடந்து முறிகண்டிப் பிள்ளையாரை அடைவதற்கு முன்னர், கொக்காவில் என்னுமிடத்தில் வானளாவி நிற்கும் கோபுரமொன்றைக் காண்பர். அதன் உயரம் 174 மீற்றர். 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டது. முன்பு அங்கிருந்த ஒளிபரப்பு நிலையம் 1990ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. இடைப்பட்ட இருபத்தோராண்டு காலம் கொக்காவிலிலிருந்து வன்னிக்குப் படம் வரவில்லை.

அக்காலத்து வன்னியில் மின்சாரமே அரிது. பொருளாதாரத் தடையினாற் பற்றரிகளும் கிடைத்தற்கரியவாயின. மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்னாற் செய்தி கேட்ட குடும்பங்களை வானொலி நேயர் பலர் நேரில் அறிவர். படம் பார்க்க விரும்பினோர் மின்பிறப்பாக்கியையும் ‘டெக்’ எனப்பட்ட நாடாப்பொறியையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைப்பர். அயலெல்லாம் கூடிப் பாயில் அமர்ந்து விடியும்வரை பார்க்கும். அந்த நாடா எத்தனையாவது கொப்பி என்று எவரும் கேட்டிலர். கொப்பியிலிருந்து கொப்பி எடுக்க எடுக்கப் படம் மங்கிற்று. முகம் மூடுபனிக்குள் நிற்பது போலாயிற்று. அம்மங்கலே படத்துக்கு உரியவருக்கு ஒருவகைக் காவலாகவும் இருந்தது.

ஆயினும் அக்காவல் போதாதென்று கருதிய அமெரிக்கத் தயாரிப்பாளர், 1985ஆம் ஆண்டில் ‘தி கொட்டன் கிளப்’ என்னும் படத்தின் நாடாவில் முதன்முதலாக ‘மக்ரோவிஷன்’ என்ற பூட்டை இட்டனர். அதன் சூழ்ச்சி நுட்பமானது. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன் உள்ள, கண்ணுக்குப் புலப்படாத இடைவெளியிற் பொய்யான மின்துடிப்புகளைச் செருகுவர். தொலைக்காட்சிப் பெட்டி பெரும்பாலும் அவற்றைப் பொருட்படுத்தாது. பதிவுப்பொறியோ, ஒளியளவைத் தானே சீராக்கும் உறுப்பை உடையதாகையால், அத்துடிப்புகளால் ஏமாந்து போகும். எடுத்த கொப்பி மாறிமாறி வெளுத்தும் கறுத்தும் தோன்றும். பார்ப்பவனை விட்டுப் படியெடுப்பவனைப் பிடித்த பூட்டு அது. பின்னே வந்த பூட்டுக்கு இந்தப் பண்பு இல்லாது போயிற்று.

எண்முறை ஒளிபரப்பு வந்தபோது கொப்பி மங்குவது நின்றது. ஆயிரமாவது கொப்பியும் முதலாவதைப் போன்றே தெளிவாயிருந்தது. இதனால் அஞ்சிய படத்துறையினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் எச்.டி.சி.பி. என்னும் பாதுகாப்பு முறையை வெளியிட்டது. 2002ஆம் ஆண்டு திசம்பரில், படத்தையும் ஒலியையும் ஒரே வடத்திற் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு வரையறுக்கப்பட்டது. அதன் பின்னர் பூட்டும் வடமும் இணைபிரியாதனவாயின.

வன்னிக்கு இவை வந்து சேர்ந்தது 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்று, மக்கள் முகாம்களிலிருந்து தத்தம் ஊர்களுக்கு மீண்ட பின்னரேயாம். மின்கம்பிகள் கிராமங்களை நோக்கி நீண்டன. கூரை முழுதாக வேயப்படாத வீட்டின் அருகிலும் செய்மதித் தட்டு முளைத்தது. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அப்போது அத்தட்டு விளையாட்டுப் பொருளன்று என்பது பெற்றோருக்கும் விளங்கிற்று. இவ்வளவு தொலைவு வந்த படம், செய்மதி வாங்கிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இடையிலுள்ள மூன்று முழ வடத்தில் வந்து நின்றுவிடுவதுதான் வியப்பு. திரை இருளும், ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும். அதைப் படித்தறியாத வீட்டார் பெட்டி பழுதாயிற்றென்றே எண்ணுவர். துணுக்காயிலிருந்து கிளிநொச்சிவரை அதை மோட்டார்ச் சைக்கிளிற் கட்டிக் கொண்டுசென்றாற் கடையில் வேறொரு வாங்கியோடு படம் பளிச்சென்று வரும்; வீடு திரும்பி இணைத்தால் மீண்டும் இருளும். நல்ல பெட்டியைக் கழித்துவிட்டுக் கடன்பட்டுப் புதியது வாங்குவதற்கு இதுவே போதும்.

வடத்தினுள் நிகழ்வது யாது? வாங்கிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு. அஃது ஒன்றும் சுழியுமாக நாற்பது இலக்கங்களால் ஆனது. இருபது ஒன்றுகள், இருபது சுழிகள். ஒவ்வொன்றினுள்ளும் நாற்பது மறைசாவிகளும் உள்ளன. இரண்டும் அடையாள எண்ணை மாற்றிக்கொள்ளும். மற்றையதன் எண்ணில் ஒன்று வருமிடத்துக்குரிய தன் சாவிகளை மட்டும் எடுத்துக் கூட்டும். இரண்டும் முறையானவையாயின் இரு கூட்டுத்தொகையும் ஒன்றாகவே அமையும். சாவி வெளிப்படாமலே உறவு உறுதியாகும். கணக்கறிந்தோர் இந்த அழகை மெச்சாதிரார். ஆனால் விசாரணை அத்தோடு முடிவதில்லை. ஏறத்தாழ இரண்டு விநாடிக்கொருமுறை வாங்கி மீண்டும் விடை கேட்கும். விடை பிழைத்தாற் படத்தை நிறுத்தும். வன்னி மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஓமந்தைச் சாவடியில் அடையாள அட்டை காட்டியவர் அப்பாற் சென்றார். இங்கோ சாவடி கூடவே நடந்துவருகிறது.

இவ்வினாவிடை நிகழும் வழியும் மெல்லியது. எச்.டி.எம்.ஐ. செருகியில் பத்தொன்பது முனைகள் உண்டு. படம் செல்லும் இழைகள் வேறு. அடையாளம் பேசும் இழைகள் இரண்டே. பெட்டி செருகப்பட்டுள்ளது என்பதை அறிவிக்க இன்னுமோர் இழை உண்டு. மழைக்காலத்து ஈரத்தால் முனை களிம்பேறினாலும், செருகி சற்றே தளர்ந்தாலும், படத்துக்குக் குறைவில்லாதபோதும் விடை தவறும். மின்சாரம் நின்று மீளும்போது இரண்டும் ஒருங்கே விழிக்கும். பெட்டி கண்விழிக்குமுன் வாங்கி வினவிவிட்டாலும் அதே முடிவுதான்.

ஆகவே இருள் கண்டவுடன் செய்யத்தக்கது எளிது. இரண்டையும் சுவரிலுள்ள ஆளியிலேயே நிறுத்தி, வடத்தை இருபுறமும் கழற்றி, சில நிமிடம் கழித்து இறுகச் செருக வேண்டும். முதலிற் பெட்டியையும், அது முற்றாக விழித்த பின்னர் வாங்கியையும் இயக்க வேண்டும். வடம் செருகப்பட்ட செய்தி புதிதாகச் சென்றதும் விசாரணை முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் படம் வந்துவிடும். வராவிடின் பெட்டியின் வேறொரு துளையிலும், பின்னர் வேறொரு குறுகிய வடத்தாலும் முயலலாம். இரண்டு திரைகளுக்குப் படம் பகிரும் கருவி நடுவில் இருந்தால் அதை அகற்றிப் பார்த்தல் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விடையிறுக்கத் தவறினும் போதும், படம் நின்றுவிடும். இவற்றைச் செய்து பார்க்காமற் பெட்டியைக் கடைக்கு ஏற்றுவது வீண்செலவு.

இத்தனை காவலும் திருடனைத் தடுத்ததா என்று நேயர்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் சிலர் இப்பூட்டின் குறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். நாற்பது சாதனங்களின் சாவிகள் கிடைத்தாலே தலைச்சாவியைக் கணித்துவிடலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் நீல்ஸ் பெர்கூசன் என்னும் நெதர்லாந்து அறிஞர் தாமும் குறையைக் கண்டதாக அறிவித்து, அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி விவரத்தை வெளியிடாது விட்டார். 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் தலைச்சாவியே இணையத்தில் வெளியாயிற்று. அது மெய்யானதென இன்டெல் ஒப்புக்கொண்டது. சாவி வெளியான பின்னரும் பூட்டு மாட்டப்பட்டபடியே இருந்தது. படியெடுப்பவனுக்கு வழி திறந்தது. சந்தா செலுத்திய குடும்பமோ இரண்டு விநாடிக்கொருமுறை விடையிறுத்துக்கொண்டே இருந்தது. இது நீதியென்று கூற ஒருவருக்கும் நா எழாது.

2013ஆம் ஆண்டில் எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கென வெளிவந்த 2.2ஆம் பதிப்புக்குத் தலைச்சாவி வேறு, கணக்கும் வேறு. அதனை வேண்டும் மீயுயர் தெளிவுப் படத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிற் காண இயலாது. அங்கே வடத்தை மாற்றியும் பயனில்லை. வாங்கியின் அமைப்பிற் படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தல் ஒரு வழி. பழைய வாங்கிகள் பலவற்றின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் உள்ளன. அவற்றில் வடமிட்டாற் படம் சற்று மங்கலாகவே தோன்றும். ஆனால் அந்த மஞ்சள் வடத்தில் அடையாளம் கேட்போர் எவருமில்லை.