யாரும் குடிக்காத கிணறு

ரசாயன ஆலைகளின் மதில் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நிற்கும். தலையில் மூடி, மூடியில் பூட்டு, பக்கத்தில் பெயின்டால் எழுதிய ஓர் எண். மோட்டார் கிடையாது, கயிறும் கிடையாது. ஆனாலும் அது கிணறுதான். நிலத்துக்குள் நடந்து போகிற தண்ணீரிடம் சேதி கேட்கத் தோண்டியது. கண்காணிப்புக் கிணறு என்பார்கள்.

அது பிறப்பதற்கு முன்னும் அந்த வேலையைச் சில கிணறுகள் செய்துகொண்டுதான் இருந்தன. அவை மக்கள் குடித்த கிணறுகள்.

அமெரிக்காவின் லாங் ஐலண்ட் தீவு முழுக்க மணல். பெய்கிற மழை நேரே உள்ளே இறங்கிவிடும். அங்குள்ள நாசோ மாவட்டத்தின் குடிநீர் முழுவதும் அந்த மணலுக்குள்ளிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அம்மாவட்டத்தின் தெற்கு ஃபார்மிங்டேலில் இருந்த ஒரு விமான ஆலை, உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசிய கழிவு நீரை வெறும் மண் குட்டைகளில் விட்டது. குட்டை நிரம்பவில்லை, மணல் குடித்துவிட்டது. கழிவு ஒழிந்தது என்றே எண்ணியிருப்பார்கள். 1942-ல் அங்கே ஒரு கிணற்று நீரில் குரோமியம் தெரிந்தது.

பிறகுதான் தேடல் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில், தண்ணீர் இறைக்க அல்ல, தண்ணீரை அறிய மட்டுமே குழாய்களை இறக்கினார்கள். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். 1949-ல் கண்ட உச்ச அளவு லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம். அன்று அந்நாட்டுக் குடிநீருக்கு இருந்த வரம்போ 0.05. எண்ணூறு மடங்கு! 1962-ல் வரைபடம் முழுமையானபோது, நிலத்தடியில் நஞ்சு ஒரு நாக்குபோல் நீண்டு கிடந்தது: நீளம் 4,300 அடி, அகலம் 1,000 அடி வரை, கனம் 70 அடி வரை.

இருபது ஆண்டில் 4,300 அடி என்றால் ஒரு நாளைக்கு ஒரு சாண்கூட இல்லை. நிலத்தடி நீரின் நடை அப்படி. இந்த மெதுவான நடையில் ஆபத்தும் உண்டு, வாய்ப்பும் உண்டு. குட்டையில் விட்ட நஞ்சு அடுத்த தெருக் கிணற்றுக்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை யாருக்கும் தெரியாது. நடுவழியில் ஒரு குழாய் இருந்தால், அதே வருஷங்கள் நமக்குக் கிடைத்த அவகாசம்.

அந்தக் குழாயைச் சட்டம் கேட்கப் பல காலம் ஆயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊரில் 1964-லும் 1967-லும் தோண்டிய இரண்டு பொதுக் கிணறுகளை 1979 மே மாதம் மூடினார்கள். தொழிற்சாலைக் கரைப்பான்கள் நீரில் கலந்திருந்தன. தண்ணீரைப் பற்றி ஊர் மக்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லியிருந்தார்கள். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. கண்காணித்தது அவர்கள் உடம்புதான்.

1976-ல் அமெரிக்கா அபாயக் கழிவுச் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 1980 மே மாதம் வந்தன. நிலத்தில் அபாயக் கழிவைத் தேக்கும் அல்லது புதைக்கும் இடங்களில், நீர் வரத்துப் பக்கம் குறைந்தது ஒரு கிணறு, போக்குப் பக்கம் குறைந்தது மூன்று வேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

இந்த ஒன்றும் மூன்றும் ஆழ்ந்து யோசித்த கணக்கு. போக்குப் பக்கக் கிணற்றில் உப்பு கூடினால், "மண்ணே அப்படித்தான்" என்று ஆலை சொல்லலாம். வரத்துப் பக்கக் கிணறு அங்கேதான் சாட்சிக்கு வருகிறது: "உன் வாசலுக்கு வரும்வரை தண்ணீர் இப்படி இருந்தது." நல்ல நீரை முதலில் அளந்து வைத்தால்தான் கெட்டதை நிரூபிக்க முடியும்.

வரத்து எது, போக்கு எது? தரைச் சரிவை மட்டும் நம்பக் கூடாது. ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தால், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதுதான் பொதுவாக ஓட்டத்தின் திசை. மட்டம் தாழ்வதற்கேற்ப மணலூடே நீர் போகும் வேகத்தை 1856-லேயே பிரான்சின் திஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி எழுதி வைத்துவிட்டார்.

மாதிரி எடுப்பதில் பொறுமை வேண்டும். குழாயில் தேங்கிய நீர் பொய் சொல்லும். அதை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். அமில கார அளவும் மின்கடத்து திறனும் ஒரே நிலைக்கு வந்த பிறகே புட்டியில் பிடிக்க வேண்டும். ஆவியாகும் கரைப்பான்களுக்கு விரல் நீளக் கண்ணாடிப் புட்டி. விளிம்புக்கு மேல் நீர் குவிந்து எழும்பும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு காற்றுக் குமிழி ஏறினாலும் அந்த மாதிரி தள்ளுபடி; கரைப்பான் அந்தக் குமிழிக்குள் தப்பிவிடும். உலோகத்துக்கான புட்டியில் சில சொட்டு நைட்ரிக் அமிலம். எல்லாம் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகும்.

குரோமியத்தின் கதை நமக்கு அந்நியமல்ல. ராணிப்பேட்டையில் மூடிய ஒரு குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடந்தது. மழை அதில் ஊறி இறங்க, நிலத்தடி நீர் மஞ்சளானது. அதே வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றது; கெடும் முன்பே காக்க வேண்டும் என்றும் சொன்னது. ஈடு தரச் சொல்ல, கெட்ட தண்ணீரே போதும். முன்பே காக்க, அது கெடாத நாளிலேயே ஒருவர் போய் அளந்திருக்க வேண்டும்.

நிறம் மாறித் தெரிகிற தண்ணீர் ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்தில் இருக்கிறது. அந்தக் குடத்துக்கு முன்னால் போய் நிற்கத்தான் யாரும் குடிக்காத இந்தக் கிணறு பிறந்தது. அதன் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தால், பழைய வேலை மறுபடியும் குடிக்கிற கிணற்றின் தலையில்தான் விழும்.