மூணு வரைக்கும் நம்ம கணக்கு

குவெட்டாவுக்குத் தெற்கே, கலாத் மலைப்பக்கம் ஒரு பிராகுயிக்காரர் தன் ஆடுகளை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அஸிட், இரட், முஸிட்...’ அட, நம்ம ரெண்டு, மூணு சாயல் அடிக்குதே என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவதற்குள், ‘சார், பஞ்ச், ஷஷ், ஹஃப்ட், ஹஷ்ட்’ என்று அவர் எங்கேயோ போய்விடுவார். நாலாவது ஆட்டிலிருந்து முழுக்க பாரசீக, பலூச்சிக் கணக்கு! நூறு என்றால் ‘சத்’. ஆயிரம், ‘ஹஸார்’.

பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் ஒரு திராவிட மொழி இருப்பதே பலருக்கு ஆச்சரியம். 1838-ல் ராபர்ட் லீச் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி இதன் இலக்கணத்தையும் சொற்களையும் குறித்து வைத்தார். 1844-ல் லாஸன் என்ற அறிஞர் அதை வைத்துக்கொண்டு, ‘இது தென்னிந்திய மொழிகளுக்குச் சொந்தம்’ என்றார். கண்ணுக்கு ‘ஃகன்’, வாய்க்கு ‘பா’, பாலுக்கு ‘பால்’, நீ என்பதற்கு ‘நீ’யேதான். வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்படிப்பட்ட மொழி ஏன் மூணோடு கடையை மூடியது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது மொழிப் பிரச்னையாகத் தெரியவில்லை, பேரேட்டுப் பிரச்னையாகத் தெரிகிறது. வீட்டுக்குள் பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு, மூணு போதும். ரெண்டு கண், ரெண்டு மாடு, மூணு பிள்ளை. ஏழும் எட்டும் எங்கே வரும்? சந்தையில். வரி கட்டுகிற இடத்தில். கடன் பத்திரத்தில். கலாத்தை ஆண்ட கான்களின் அரசவை மொழி பாரசீகம். பக்கத்துவீட்டுக்காரர், சம்பந்தி, எல்லாம் பலூச்சி பேசுகிறவர்கள். விலை பேசுகிறவன் எந்த பாஷையில் எண்ணுகிறானோ, அதில் எண்ணினால்தான் ஏமாறாமல் வீடு திரும்பலாம். எண்கள் தோற்றுப்போகவில்லை ஸார், வியாபாரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன.

இது பிராகுயிக்கு மட்டும் நடந்த விபத்தும் அல்ல. ஜார்க்கண்டின் குடுக் மொழியில் சொந்த எண்கள் நாலு வரைதான். அதன் நெருங்கிய உறவான ராஜ்மகால் மலையின் மால்தோ, ரெண்டோடு நின்றுவிட்டது. கோண்டி கெட்டிக்கார மொழி, பல இடங்களில் ஏழு வரை தாக்குப்பிடிக்கிறது. மேலிருந்து உதிர்ந்துகொண்டே வருகிறது. ஒண்ணும் ரெண்டும்தான் கடைசியாகக் கையை விடும்.

நம்ம மேடைகளில் ஒரு பழக்கம் உண்டு. பிராகுயி பெயரைச் சொன்னதும், ‘பார்த்தீர்களா, சிந்துவெளியில் மிச்சமிருக்கும் தமிழன்!’ என்று கை தட்டு வாங்குவது. எனக்கும் அப்படி இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் எல்ஃபன்பைன் போன்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். அந்த மொழியில் மிகப் பழைய ஈரானியச் சொற்கள் இல்லை, கடன் எல்லாம் பலூச்சிக்காரர்கள் அங்கே வந்த கடந்த ஆயிரம் வருடத்துக் கடன். ஆகவே இவர்களும் இந்தியாவின் உள்பகுதியிலிருந்து பின்னால் குடிபெயர்ந்தவர்களே என்பது அவர்கள் கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. ‘சார், பஞ்ச்’ எப்போது வந்தது என்று தெரிந்தாலும், அதற்கு முன்னால் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று அது சொல்லாது.

பாகிஸ்தானின் 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிராகுயியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 27 லட்சத்துக்கும் மேல். நாலிலிருந்து கடன் வாங்கியும் மொழி சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு முன்னால் நம்ம பேரேட்டையும் புரட்டிவிடலாம். லட்சமும் கோடியும் வடமொழி வழி வந்தவை. ‘ஆயிரம்’கூட ‘சஹஸ்ர’த்திலிருந்து வந்ததுதான் என்கிறார்கள் பெரும்பாலான மொழியியலாளர்கள். கன்னடத்து ‘சாவிர’ நடுவில் நின்று சாட்சி சொல்கிறது. தெலுங்குக்காரர்கள் மட்டும் ‘வேயி’ என்று சொந்தக் காசு வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் காய்கறிக் கடையில், ‘அறுபத்தி ஒன்பது ரூபா கொடும்மா’ என்றார் கடைக்காரர். பத்தாவது படிக்கும் என் மகள் என் காதில் கிசுகிசுத்தாள்: ‘அப்பா, அது ஃபிஃப்டி நைனா, சிக்ஸ்டி நைனா?’