யப்பானிய அடுக்களையும் சிற்றுணவுச்சாலையும்

யப்பானியரின் சிற்றுணவுச்சாலைகள் பலவற்றில் சமைப்போனும் உண்போனும் ஒரு பலகை இடைநிற்க எதிரெதிரே இருப்பர். இதனை இக்கால அலங்காரக்கலையின் புதுமை எனக் கருதுவோர் உளர். அதன் வேரோ பழைய வீட்டின் மண்தரையிலும் நகரத்தெருவின் தீயச்சத்திலும் உள்ளது.

பழைய வீடுகளின் ஒரு பகுதி 'தோமா' எனப்படும் மண்தரையாகும். மண்ணோடு நீற்றிய சுண்ணாம்பையும், கடல்நீரிலிருந்து உப்பெடுத்தபின் எஞ்சும் கைப்புநீரையும் சேர்த்துக் குழைத்து, அடித்து இறுக்கி அதனை அமைத்தனர். 'கமாதோ' என்னும் மண்ணடுப்பும் நீர்ச்சாடியும் அங்கேயே இருந்தன. மரப்பலகை பரப்பிய வாழிடம் அதனினும் உயர்ந்தது. பாதரட்சையைக் கழற்றியே அதில் ஏறுவர். தணல் தெறிப்பினும் நீர் சிந்தினும் மண்தரைக்குக் கேடில்லை. அழகுக்கு முன்னர்க் காப்பைக் கருதி எழுந்த பிரிவு இது. அடுப்புப்புகையால் உத்தரங்கள் கறுத்தன. இன்று கடைகளில் அக்கருமையைச் சாயத்தால் வரவழைக்கின்றனர். அது பல தலைமுறைப் புகையின் படிவு என்பதை அறிந்தோர் சிலரே.

1868ஆம் ஆண்டில் தோக்கியோ எனப் பெயர்மாற்றம் பெற்ற எடோ, பெரும்பாலும் மரத்தாலும் கடதாசியாலும் அமைந்த நகர். 1657ஆம் ஆண்டில் அங்கு மூண்ட பெருந்தீ நகரின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அழித்தது. அதனை மீளக் கட்டுவதற்குத் திரண்ட தொழிலாளருள் தனித்து வாழ்ந்த ஆடவர் பலர். அன்னார்க்குச் சமைத்த உணவை விற்கும் கடைகள் பெருகின. கொதிக்கும் எண்ணெயிற் பொரிக்கப்படும் தெம்புரா, மரவீட்டினுள் ஆபத்து விளைக்கும் எனக் கருதப்பட்டமையால், 'யத்தாய்' என்னும் தெருக்கடைகளிலேயே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கையாற் பிடித்த சுசியும் அங்கு விலைப்பட்டது. எளிதிற் பெயர்த்துச் செல்லத்தக்க அச்சிறு கடையில் அடுக்களையை மறைக்க இடம் ஏது? மீனின் புதுமை, எண்ணெயின் நிறம், சமைப்போனின் கைத்தூய்மை யாவும் வாங்குவோன் கண்முன் நின்றன. நம்பிக்கையே அக்கடையின் முதல் எனலாம்.

கூரையின்கீழ்ப் புகுந்தபோதும் இவ்வழக்கம் முற்றாக மறையவில்லை. ஒசாக்காவில் வேரூன்றிய, சமைப்போன்முன் பலகையருகே அமர்ந்து உண்ணும் முறை, 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தின் பின் தோக்கியோவிலும் பரவியது. வாயிலில் தொங்கும் 'நோரென்' என்னும் சாயத்துணி வெயிலையும் தூசியையும் தடுப்பதோடு கடையின் பெயரையும் தாங்கும். அதனை மட்டும் தொங்கவிட்டு, அடுப்பைப் பின்சுவருக்கப்பால் ஒளித்து வைக்கும் கடை, பெயரளவில் மட்டுமே யப்பானியமானது.

1986ஆம் ஆண்டில் தோக்கியோவிலே திறக்கப்பெற்ற புக்காகவா எடோ நூதனசாலையில் பழைய தெருவொன்று முழு அளவில் மீளமைக்கப்பட்டுள்ளது. அங்கே தெருக்கடைகளோடு தீக்காவற் கோபுரமும் நிற்கின்றது.